கிளட்சில் வைத்த கால்

எங்கள் லாரியில் நான் ஏறியது கிளட்ச் மிதிக்கத்தான். லாரி ஓட்ட எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு "மிதி" என்பார், மிதிப்பேன். "விடு" என்பார், விடுவேன். நடுவில் அவர் ஏதாவது ஒரு நட்டை அரைச் சுற்று திருப்பியிருப்பார். இதற்கு ஒரு ஆள் வேண்டும். மகன் ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். கிளீனராக வந்தவர்கள் யாரும் எங்கள் வண்டியில் நிலைக்கவில்லை. மிச்சம் நான்தான் இருந்தேன்.

அது பழைய மூக்கு லாரி. என்ஜின் கேபினுக்கு முன்னால் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். நகரி, புத்தூர் பக்கத்தில் இப்படி ஒன்றை இன்னும் வாடகைக்கு ஓட்டுவது தான் ஒருவர்தான் என்று அவருக்குப் பெருமை. போன வருஷம் ஒரு ஏற்றத்தில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. இதோடு விற்றுவிடுவார் என்று நினைத்தேன். விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. அவர் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, உடைக்க வந்த வேறொரு லாரியின் என்ஜினையும் கியர் பாக்ஸையும் வாங்கி இதில் ஏற்றிவிட்டார்.

என்ஜின் நன்றாகவே ஓடியது. தொல்லையெல்லாம் கிளட்சில்தான். பழைய கியர் பாக்ஸில் கிளட்சை இழுக்கும் கை வலது பக்கம், பெடலுக்கு நேராக இருந்தது. ஒரு ராடு போதும். புதிதாக வந்ததில் அந்தக் கை இடது பக்கம். அதனால் பட்டறையில் ஓர் இரும்புக் குழாயைக் குறுக்கே போட்டு, அதன் இரண்டு முனைகளிலும் கனமான இரும்புப் பட்டை ஒவ்வொன்றைப் பற்றவைத்தார்கள். இங்கே பெடலை மிதித்தால் குழாய் உருளும், அந்தப் பக்கத்துப் பட்டை திரும்பி கிளட்சை இழுக்கும். அந்தக் குழாயின் ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை கியர் பாக்ஸிலும் உட்கார வேண்டுமாம். அவர்கள் இரண்டையும் சேசிஸிலேயே பற்றவைத்துவிட்டார்கள். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடும், சேசிஸ் ஆடாது. அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ராடை யாரோ பிடித்து வெடுக்கென்று இழுப்பதுபோல வண்டி முழுக்க உதறும். பெடல் பக்கத்துப் பட்டையைக் குட்டையாக வெட்டிவிட்டதால் பெடல் கல்லாக இருந்தது. இடது பக்கத்துப் பட்டையோ பின்னால் இருந்த குறுக்குச் சட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பெடலை மிதித்தால்தான் பட்டை நகர்ந்து நடுவில் ஒரு கை போகும் அளவுக்கு இடம் வரும். விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

"ஓட ஓட செட் ஆயிடும்ண்ணா" என்று பட்டறைக்காரர் சொன்னார்.

ஓட ஓட, ராடையும் பட்டையையும் சேர்க்கும் தண்டின் முனையில் மடக்கிவிடும் சின்னப் பின்தான் அடிக்கடி ஒடிந்தது. பின் இல்லாவிட்டால் தண்டு கழன்று விழும், தண்டு விழுந்தால் கிளட்ச் கிடையாது. புதுப் பின் போடும்போதெல்லாம் நான் மேலே மிதித்துக்கொண்டிருக்க, அவர் கீழே அந்த இடைவெளியில் கையை விடுவார்.

அந்த ஆனி மாதம் வடமாலபேட்டைக்கு உள்ளே ஒரு தோப்பில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிக்கொண்டு, திருப்பதி, சந்திரகிரி வழியாகச் சித்தூருக்குப் போனோம். மாங்காய்க் கூழ் எடுக்கும் ஃபேக்டரிக்கு வெளியே வரிசை நின்றது. அந்தச் சீசனில் அங்கே போனவர்களுக்குத் தெரியும், வரிசை என்றால் ரோட்டோரம் கண்ணுக்கெட்டிய தூரம் லாரியும் டிராக்டருமாக நிற்பது. ஒரு வண்டி உள்ளே போனால் பின்னால் உள்ளவர்கள் எல்லோரும் ஒரு வண்டி நீளம் நகர வேண்டும். நகராமல் நின்றால் பின்னால் இருப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், நம் டோக்கன் அடிபட்டுவிடும், மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். மேலே மாங்காய் பழுத்து அழுகி, சாறு பலகை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வரிசையில் பெண் என்று நான் ஒருத்திதான். விடியும் முன் இருட்டில் ஒரு தடவை இறங்கினால், பொழுது சாய்ந்த பிறகுதான் மறுபடி இறங்க முடியும். ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் பள்ளம், சுற்றிலும் ஆண்கள். அதனால் தண்ணீர் குடிக்க மாட்டேன். என்ஜின் சூடு காலில் அடிக்க, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கேபினிலேயே உட்கார்ந்திருப்பேன்.

எங்களுக்குப் பின்னால் ஒரு டிராக்டர். அதன் சொந்தக்காரர் எங்கள் பக்கத்துத் தமிழ்க்காரர்தான், பெரிய தொப்பை, பெரிய குரல். எங்கள் வண்டி நகரும்போதெல்லாம் உதறிக்கொண்டு கொஞ்சம் பின்னால் போகும். அவர் கத்துவார்.

"யண்ணா, பின்னால ஆளு கீறேன்! இது லாரியா, உங்க தாத்தா கல்யாணத்துக்கு சீர் வந்ததா?"

"உன் டிராக்டரு ஹாரன் அடிச்சாலே நட்டு கொட்டுது. நீ பேசறியா?" என்பார் இவர்.

"நட்டு கொட்டினா பொறுக்கிக்குவேன். நீ வந்து வுழுந்தா என்னைய யாரு பொறுக்கறது?"

மதியத்துக்கு மேல் வரிசை நின்றுவிட்டது. உள்ளே பெல்ட் ரிப்பேர் என்றார்கள். முன்னால் இருந்த லாரிக்காரர்கள் இறங்கி, தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் சீட்டு ஆடப் போனார்கள். அந்தச் சமயத்தில் இவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, பின் ஒடிந்துவிட்டது, தண்டு பாதி வெளியே வந்துவிட்டது என்றார். பெல்ட் ஓடுவதற்குள் போட்டுவிட வேண்டும். டயருக்குக் கல் வைத்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். இந்த என்ஜின் ஒருமுறை தானாகச் சுற்றியதிலிருந்து, அடியில் போகும்போது வயரைக் கழற்றாமல் போகமாட்டார். பள்ளத்துப் பக்கமாக நுழைந்து படுத்தார். நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தேன்.

"மிதி."

மிதித்தேன்.

"நல்லா அழுத்திப் புடி. சொல்றவரைக்கும் விடாத."

பிடித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகத் தண்டைத் தட்டும் சத்தம் கேட்கும், பிறகு குறடு கடிக்கும் சத்தம் கேட்கும். அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை.

"இருமே. விட்றாத." குரல் வேறு மாதிரி இருந்தது.

"இன்னாச்சு?"

"காப்பு மாட்டிக்கிச்சு."

திருப்பதியில் வாங்கிய செப்புக் காப்பு அது. மூட்டு வலிக்கு நல்லது என்று யாரோ சொல்லி இடது கையில் போட்டது. போட்ட பிறகு உடம்பு போட்டுவிட்டார், சோப்புத் தேய்த்தால்கூட அது வராது. கையைப் பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டபோது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டின் முனை காப்புக்குள் நுழைந்துவிட்டது. கையை முன்னாலும் தள்ள முடியவில்லை, பின்னாலும் இழுக்க முடியவில்லை. வலது கையைக் கொண்டுவரலாம் என்றால் நடுவில் குழாய்.

"கழட்ட முடியலையா?"

"கழட்ட முடிஞ்சா உன்னாண்ட இன்னாத்துக்கு சொல்லிக்கினு கீறேன்? காலை எடுத்துட்டன்னா மணிக்கட்டு போயிடும். அவ்ளோதான்."

எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. என் கால் மேலே வந்தால் பட்டை திரும்பிச் சட்டத்தில் ஒட்டும். நடுவில் இருப்பது அவர் கை.

"இரும்பு அறுக்கற பிளேடு எங்க கீது?" என்று கேட்டேன்.

"சீட்டுக்குப் பின்னால, டூல் பெட்டியில."

திரும்பினேன். கை நீட்டினால் பெட்டிக்கு ஒரு சாண் குறைந்தது. உடம்பைக் கொஞ்சம் வளைத்தேன். கீழேயிருந்து "யம்மா!" என்று ஒரு சத்தம். பெடல் மயிரிழை மேலே வந்திருந்தது. திரும்ப அழுத்தினேன். இரண்டாவது காலையும் எடுத்து அதன்மேல் வைத்தேன். முதுகைச் சீட்டில் கொடுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். ஹாரனை அமுக்கிப் பார்த்தேன். பேட்டரி வயர் கீழே கிடக்கிறது, எங்கே அடிக்கும்?

"யாரையாவது கூப்புடுமே."

கூப்பிட வேண்டும். முன்னால் நின்ற லாரியின் ஜன்னலில் ஒரு ஜோடிப் பாதங்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. ஆள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படுத்திருப்பார். அந்தப் பாதங்களைப் பார்த்து "அண்ணா" என்றேன். பாதங்கள் அசையவில்லை. "அன்னா, ஒக்கசாரி ரண்டி" என்று தெலுங்கில் ஒரு தடவை வரச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு கட்டைவிரல் ஈயை விரட்டியது.

"கத்துமே!"

"கத்திக்கினுதான் கீறேன்."

"அடியில கீற எனக்கே கேக்கல. தூங்கறவனுக்கு எப்பிடிக் கேக்கும்?"

கூட்டத்தில் எனக்குக் குரல் வராது. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூட, கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். முட்டிக்கு மேலே தொடையில் நடுக்கம் ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தால் அதிகமானது. நடுக்கம் ராடு வழியாகப் போய் அவர் கையில் தெரிந்திருக்க வேண்டும். அவர் மூச்சு விடுவது மட்டும் பலகைக்கு அடியிலிருந்து கேட்டது.

அப்போது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. எங்கள் வேர்க்கடலைக் கொல்லியில் காட்டுப்பன்றி இறங்கும்போது விரட்டுவோமே, அந்தச் சத்தம். கொல்லியில் யாரும் இல்லாதபோது மட்டும் எனக்கு வரும் சத்தம் அது. முன் லாரியில் பாதங்கள் உள்ளே போயின. வேப்பமரத்தடியில் சீட்டு ஆடியவர்கள் எழுந்து நின்றார்கள். டிராக்டர்காரர் கதவண்டை ஓடி வந்தார்.

"இன்னாக்கா, பன்னியா? ரோட்டுலயா?"

சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவர் குனிந்து கீழே பார்த்தார், நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"எறங்குக்கா, நான் மிதிக்கறேன்."

"எறங்கினா கையி போயிடும்ண்ணா. நீங்க ஏறுங்க."

அவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஏறினார். ஒருவர் உட்காரும் சீட்டு. நான் எவ்வளவு ஒதுங்கியும் அவர் தொடை என் தொடையை அழுத்தியது. மாங்காய்ப் பாலும் வியர்வையும் சேர்ந்த வாசனை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரரைத் தவிர வேறு ஆண் பக்கத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை. அதையெல்லாம் நினைக்கும் நேரமா என்று கேட்கலாம். நினைப்பு வந்தது, அதனால் எழுதுகிறேன்.

"உன் காலு மேல வெக்கறேன். மெதுவா உருவிக்கோ."

அவர் பாதம் என் பாதத்தின்மேல் ஏறியது. ஒரு காலை உருவினேன். அடுத்த காலை உருவும்போது செருப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது. செருப்பை விட்டுவிட்டுக் காலை மட்டும் எடுத்தேன். அவர் வாயைத் திறந்து மூச்சு விட்டார்.

"அய்யய்யோ, இது கிளட்சா, எல்லைக் கல்லா? யண்ணா, இத்த மிதிச்சிக்கினா ஊரு ஊரா போற?"

கீழேயிருந்து இவர், "விட்றாதப்பா" என்றார். அவ்வளவு மரியாதையாக அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

பெட்டியிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு இடது கதவு வழியாக இறங்கினேன். சீட்டு ஆடியவர்கள் இன்னும் பாதி தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். காத்திருக்கத் தோன்றவில்லை. பள்ளத்துச் சரிவில் உட்கார்ந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் வீட்டுக்காரர் பக்கத்தில் நுழைந்தேன். பாரத்தில் வண்டி இறங்கியிருந்தது. முகத்துக்கு நேராக இரும்பு.

இத்தனை மாதம் காலால் அழுத்திக்கொண்டிருந்த அந்தக் குழாயை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கறுப்பாக, கிரீஸும் மண்ணும் அப்பி, பற்றவைத்த இடமெல்லாம் கட்டி கட்டியாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவர் கை. பட்டையின் விளிம்பு ஏற்கெனவே தோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரல்கள் வீங்கி ஊதா நிறமாக இருந்தன. அவர் என்னைப் பார்க்கவில்லை, பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளேடின் ஒரு முனையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தேன். செம்பு மிருதுதான். ஆனால் வியர்வையில் காப்பு வழுக்கியது. வழுக்கியபோதெல்லாம் பிளேடின் பல் தோலில் இறங்கியது.

"வலிக்குதா?"

"அறு."

அதற்குள் வெளியே ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். எங்களைச் சுற்றி வேலி போட்டதுபோல வெறும் கால்கள். ஒருவர் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொன்னார். ஒருவர் ராடையே அறுக்கச் சொன்னார். இன்னொருவர், "வெளிய வாக்கா, நான் போறேன்" என்றார். நான் வெளியே வந்து அவர் உள்ளே நுழைவதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

"அவளே அறுக்கட்டும்" என்றார் இவர்.

மேலேயிருந்து டிராக்டர்காரர் குரல் வந்தது. "யக்கா, காலு நடுங்குது. சீக்கிரம் ஆவுட்டும்!"

அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். பட்டை லேசாகத் துடிப்பதைப் பார்த்தேன்.

"ரெண்டு காலையும் வெய்யிண்ணா! முட்டிய மடக்காத! சீட்டுல முதுகு குடுத்துத் தள்ளு!" என்று கத்தினேன். முன்பின் தெரியாத ஆம்பளையை 'வெய்யி, தள்ளு' என்று நான் சொன்னது வெளியே எல்லோருக்கும் கேட்டிருக்கும். துடிப்பு நின்றது.

காப்பு அறுந்தது. அங்கே கிடந்த ஸ்பேனரின் முனையை நுழைத்து நெம்பி வாயைத் திறந்தேன். தண்டு விட்டது. அவர் கையை வெளியே எடுத்து மார்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். யாரோ அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

நான் இன்னும் அடியில்தான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து வரிசையின் முன்பக்கத்திலிருந்து, "பதண்டி, பதண்டி!" என்று எல்லோரையும் நகரச் சொல்லி ஃபேக்டரி ஆள் கூவிக்கொண்டு வருவது கேட்டது. பெல்ட் ஓடிவிட்டது. முன்னால் என்ஜின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சுற்றி நின்ற கால்கள் அவரவர் வண்டிக்கு ஓடின.

இவர் பள்ளத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தார். "நீ வெளிய வா. நான் பின்னைப் போட்டுக்கறேன்." சொல்லிக்கொண்டே அந்தக் கையை ஊன்றப் பார்த்தார், முடியவில்லை. பின் போடாமல் வண்டி நகராது. டிராக்டர் எங்களுக்குப் பின்னால் நிற்கிறது, அதன் டிரைவர் எங்கள் கிளட்சில் இருக்கிறார். அதற்குப் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"பின்னு எங்க?" என்றேன்.

அவர் மண்ணில் தேடி எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கை இருந்த இடத்தில் என் கையை விட்டேன். பட்டை உள்ளங்கையில் சூடாகப் பட்டது. மேலே இருப்பவர் எந்த ஊர், என்ன பேர், எதுவும் எனக்குத் தெரியாது. தண்டைத் தள்ளி, ஓட்டையில் பின்னை நுழைத்து, குறடால் இரண்டு பக்கமும் மடக்கினேன். கையை எடுத்தேன். என் கை இரண்டும் வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் "விடுங்க" என்றேன். பட்டை போய்ச் சட்டத்தில் 'டண்' என்று அடித்தது.

டிராக்டர்காரர் இறங்கி, நொண்டிக்கொண்டே தன் வண்டிக்குப் போனார். என் செருப்பை மறக்காமல் படியில் வைத்திருந்தார். வயரை மாட்டி என்ஜினைக் கிளப்பினோம். இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், ஆனால் இடது கையால் கியரைப் பிடிக்க முடியவில்லை. விரல் மடங்கவே இல்லை.

"நான் மிதிச்சதும் உன் பக்கம் இழுத்து, முன்னால தள்ளு" என்றார்.

அவர் மிதித்தார். நான் தள்ளினேன். வண்டி எங்கள் இருவரையும் ஓர் உலுக்கு உலுக்கி, ஒரு லாரி நீளம் போய் நின்றது. மறுபடி ஒரு நீளம். பின்னாலிருந்து, "இப்போ ஓட்டறது அண்ணனா, அக்காவா?" என்று கேட்டது. இவர் மடியில் கையை மல்லாத்திப் போட்டு ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மடங்கியது. ஆள்காட்டி விரல் மெதுவாக மடங்கியது. மற்றவை நீட்டியபடியே இருந்தன.

எலும்பு முறியவில்லை, நரம்பு நசுங்கியிருக்கிறது என்று பிறகு சித்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது விரல்கள் மடங்குகின்றன. சோறு பிசைய, சட்டைக்குப் பொத்தான் போட எல்லாம் வருகிறது. பிடித்து இழுக்கும் பலம் மட்டும் இன்னும் வரவில்லை. வருஷம் திரும்பி மாங்காய் சீசன் வந்துவிட்டது. வண்டியை விற்கலாம் என்று இந்த முறை வாய்விட்டே சொன்னேன். "இந்த ஒரு சீசன் போவட்டும்மே" என்றார். குழாயின் முனையை மட்டும் ரேணிகுண்டாவில் கியர் பாக்ஸ் பக்கம் மாற்றிப் பற்றவைத்து வந்திருக்கிறார், உதறல் குறைந்திருக்கிறது. ஆனால் இப்போது முதல் கியர் பிடித்துக்கொள்ளாவிட்டால் நழுவிவிடுகிறது. அதனால் கேபினில் இடது பக்கம் உட்கார்ந்து, வரிசை நகர நகர, கியர்த் தடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முந்தானை தலையிலிருந்து சரிந்தால்கூட எடுத்துப் போட ஒரு கை ஒழிவதில்லை.